உஷார்! டிஸ்அசெம்ப்ளர் செட்டிங்ஸைப் பார்க்காமல் ஒரு பைட்டையும் தொடாதீர்கள்

ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டதும் ஒரு பெட்டி வருமே, அதை வாசிக்காமலே ‘ஓகே’ அழுத்தினீர்களா? அப்படியானால் கையை எடுங்கள். இப்போது உங்கள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும் அசெம்ப்ளி வரிகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று உங்களால் சொல்ல முடியாது.

ஃபைலுக்குள் கிடப்பவை வெறும் எண்கள். எந்த பிராசஸரின் கட்டளைகளாக, எத்தனை பிட்டில், எந்த எழுத்து முறையில் அவற்றைக் காட்டுவது என்பதை செட்டிங்ஸ்தான் முடிவு செய்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் டூலே எதையாவது வைத்துக்கொள்ளும். தவறாக வைத்துக்கொண்டாலும் எர்ரர் காட்டாமல் அழகாக வரிசை வரிசையாக அச்சடித்துத் தரும். அதுதான் ஆபத்து.

இந்த ஆறு பைட்டைப் பாருங்கள்: 48 05 10 00 00 00. 64 பிட் என்று திறந்தால் இது ஒரே கட்டளை: ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரோடு 16ஐக் கூட்டு. 32 பிட் என்று திறந்தால் இரண்டு கட்டளைகள்: ஈஏஎக்ஸில் ஒன்றைக் குறை, பிறகு 16ஐக் கூட்டு. கூடுவது 15தான். 32 பிட்டில் ரெஜிஸ்டரை ஒன்று கூட்டவும் ஒன்று குறைக்கவும் இருந்த 40 முதல் 4எஃப் வரையிலான பைட்களை, 64 பிட் வந்தபோது ரெக்ஸ் முன்னொட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸ், லினக்ஸ் ஃபைல்களில் ஹெடர் இருப்பதால் டூல் தானே கண்டுகொள்ளும். மெமரி டம்ப், ஷெல்கோடு, ஃபர்ம்வேர் என்று தலையில்லாமல் வருபவற்றுக்கு நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். காரணமே இல்லாமல் வரிக்கு வரி ‘டெக் ஈஏஎக்ஸ்’ வந்தால், 64 பிட் கோடை 32 பிட்டாகத் திறந்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ஆர்ம் சிப் என்றால் கவனிக்க வேண்டியது, கட்டளைகளைப் பெரும்பாலும் இரண்டிரண்டு பைட்டாக எழுதும் தம்ப் முறை. நான்கு பைட் கட்டளைகளாகப் படிக்க வேண்டியதை இரண்டிரண்டாகப் படித்தாலும், இரண்டிரண்டாகப் படிக்க வேண்டியதை நான்காகப் படித்தாலும் ஏதோ ஒரு கட்டளை வரத்தான் செய்யும். கார்டெக்ஸ்-எம் வகை சிப்களுக்குத் தம்ப் மட்டுமே தெரியும். அவற்றின் வெக்டர் டேபிளில் உள்ள ஃபங்ஷன் முகவரிகள் ஒற்றைப்படையில் முடியும். கடைசி பிட் 1 என்பதுதான் தம்ப்புக்கு அடையாளம். ஐடா டிஸ்அசெம்ப்ளரில் ஆல்ட்+ஜி அழுத்தி ‘டி’ ரெஜிஸ்டரின் மதிப்பை மாற்றலாம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் வெளியிட்ட கிட்ரா டூலில், ஃபைலை உள்ளே எடுக்கும்போதே சரியான லாங்குவேஜைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கலங்கடித்தது எழுத்து முறை விவகாரம். இன்டெல் முறையில் சேருமிடம் முதலில், புறப்படுமிடம் அடுத்து. ஏடி அண்ட் டி முறையில் நேர் எதிர். ஐடாவும் கிட்ராவும் எக்ஸ்86 கோடை இன்டெல் முறையில் காட்டும். ஜிடிபி டிபக்கரும் ஆப்ஜ்டம்ப் டூலும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஏடி அண்ட் டி முறையில் காட்டும். மதியம் ஐடாவில் படித்துவிட்டு ராத்திரி ஜிடிபிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குழி கட்டாயம் உண்டு. ‘மூவ்’ கட்டளையில் தடுமாறினால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒப்பிடும் கட்டளையான ‘சிஎம்பி’யில் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருவியின் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரும் தகவலின் நீளம் ஈஏஎக்ஸில் இருந்தது. திரையில் ஒரு ‘சிஎம்பி’, அதில் முதலில் ஹெக்ஸ் 40, அதற்குப் பின்னால் ஈஏஎக்ஸ், அடுத்த வரியில் ‘சிறியதாக இருந்தால் தாவு’ என்னும் ‘ஜேஎல்’, அது பிழைச் செய்திக்குப் போகிறது. ‘40 சிறியதாக இருந்தால், அதாவது நீளம் 40ஐத் தாண்டினால் விரட்டிவிடுகிறான், நல்லது’ என்று படித்து, சோதனை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது ஏடி அண்ட் டி. அங்கே ஒப்பீட்டை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: ஈஏஎக்ஸ் 40ஐவிடச் சிறியதாக இருந்தால் விரட்டு. அதாவது சின்னது வெளியே, பெரியது உள்ளே. புரோகிராம் எழுதியவர் தலைகீழாகச் செய்த தவற்றை நான் தலைகீழாகப் படித்து நேராக்கியிருக்கிறேன். கூட வேலை பார்த்த ஒருவர் மறுவாரம் அதே இடத்தை இன்டெல் முறையில் திறந்து பார்த்ததால் பிழைத்தோம். அந்த அறிக்கையை நம்பிக் கருவியை வெளியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரே ஒரு வரி போதும். ஜிடிபியின் தொடக்க ஃபைலில் ‘செட் டிஸ்அசெம்ப்ளி-ஃப்ளேவர் இன்டெல்’ என்று எழுதி வையுங்கள். ஆப்ஜ்டம்ப்புக்குப் பெரிய எழுத்து எம்மோடு ‘இன்டெல்’ என்று கொடுங்கள். ஏடி அண்ட் டி முறைதான் பிடிக்கும் என்றால் அதிலேயே இருங்கள், ஆனால் எல்லா டூலிலும் அதையே வையுங்கள். எக்ஸ்87 மிதவைப்புள்ளிக் கழித்தல், வகுத்தல் கட்டளைகளின் சில வடிவங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே திசை தலைகீழாக வரும் பழைய யூனிக்ஸ் அசெம்ப்ளர்களின் பிழையை இன்றும் சுமப்பதாக க்னூ அசெம்ப்ளரின் கையேடே ஒப்புக்கொள்கிறது.

எண்களிலும் அதே பொறி. ஐடாவில் ‘வார்_40’ என்று பார்த்ததும் 40 பைட் என்று கணக்குப் போடாதீர்கள். அது ஹெக்ஸ், 64. கிட்ராவில், 64 பிட் கோடில் அதே வேரியபிள் ‘லோக்கல்_48’ என்று வரும். ஐடா ஆர்பிபி நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறது. கிட்ரா ஃபங்ஷனுக்குள் நுழைந்த கணத்தில் ஸ்டாக் இருந்த இடத்திலிருந்து அளக்கிறது. நடுவில் எட்டு பைட். ஒருவர் ஐடாவிலும் இன்னொருவர் கிட்ராவிலும் பார்த்துக்கொண்டு போனில் பேசினால், இருவரும் வெவ்வேறு இடத்தைச் சொல்வதாகவே தோன்றும்.

ஆப்ஜ்டம்ப்பில் நடுவில் மூன்று புள்ளி வந்தால் நிற்கவும். அது வரிசையான பூஜ்ஜியங்களைக் காட்டாமல் தாண்டியிருக்கிறது. ‘இசட்’ ஆப்ஷன் கொடுத்தால் எல்லாவற்றையும் காட்டும்.

இனி அசெம்ப்ளர். ஐடாவின் ஜெனரல் ஆப்ஷன்ஸில் அனாலிசிஸ் பகுதியில் ‘டார்கெட் அசெம்ப்ளர்’ என்று ஒன்று இருக்கிறது. அது மாற்றுவது திரையில் வரும் எழுத்தை மட்டுமே. அதில் ஒரு அசெம்ப்ளரைத் தேர்ந்தெடுத்து எடுத்த டெக்ஸ்ட், அந்த அசெம்ப்ளரில் அப்படியே ஏறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ஏறினாலும் அதே பைட்கள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஈபிஎக்ஸிலிருந்து ஈஏஎக்ஸுக்கு நகர்த்தும் ஒரே கட்டளையை 89 என்று தொடங்கியும் எழுதலாம், 8பி என்று தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதைவிட மோசம், முகவரி ஒன்றை டூல் வெறும் எண்ணாகக் காட்டியிருந்தால், நீங்கள் நடுவில் ஒரு வரி சேர்த்ததும் மற்ற எல்லாம் நகரும், அந்த எண் மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். சந்தேகப்படும் எண்ணின் மேல் ஐடாவில் ‘ஓ’ அழுத்தி ஆஃப்செட்டாக மாற்றிப் பாருங்கள்.

பேட்ச் போடுகிறவர்களுக்கு: 74 என்று தொடங்கும் குட்டி ஜம்ப் இரண்டு பைட். அதே நிபந்தனையைத் தூரத்து ஜம்ப்பாக எழுதினால் ஆறு பைட். மிச்சம் நான்கும் அடுத்த கட்டளையின் தலையில்தான் விழும். ஆலிடிபக் டிபக்கரில் அசெம்பிள் பெட்டிக்குள் 10 என்று அடித்தால் 16 ஆகப் போகும், ஏனென்றால் அங்கே எண் என்றாலே ஹெக்ஸ். பத்தே வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பிடிக்க ஒரு வழி உண்டு. ஐடாவின் ஜெனரல் ஆப்ஷன்ஸில் டிஸ்அசெம்ப்ளி பகுதியில் ‘ஆப்கோட் பைட்’ எண்ணிக்கை பூஜ்ஜியமாகத்தான் வருகிறது. அதை 8 ஆக்குங்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் உண்மையான பைட்கள் வந்து உட்காரும். திரை கொஞ்சம் நெரிசலாகும், பரவாயில்லை.

ஐடாவில் செய்த மாற்றம் அதன் டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கும். ‘அப்ளை பேட்சஸ்’ கொடுத்தால்தான் ஃபைலில் இறங்கும். இறக்குவதற்கு முன் அசல் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். இறக்கிய பிறகு இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். 74ஐ 75 ஆக்க நினைத்தீர்கள் என்றால் வித்தியாசம் ஒரே ஒரு பைட்டில் இருக்க வேண்டும். இரண்டு என்று வந்தால் அந்த ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.