எவ்வளவு கிடைத்தால் போதும்?

இலாபம் தேடுவது குற்றமல்ல. ஆனால் எவ்வளவு கிடைத்தால் போதும் என்று நம்மில் எத்தனை வியாபாரிகள் யோசிக்கிறோம்?

அமெரிக்கரான சக் ஃபீனி 1960இல் ஹொங்கொங்கில் பங்காளி ஒருவருடன் தீர்வையற்ற கடை வியாபாரத்தைத் தொடங்கிப் பெரும் கோடீஸ்வரரானார். 1984இல் தனது பங்கை ஏறக்குறைய முழுவதுமாகத் தமது அறக்கட்டளைக்கு இரகசியமாக எழுதிவைத்தார். 800 கோடி டொலர் வரை வழங்கிவிட்டு அது 2020இல் மூடப்பட்டது. முதுமையில் அவர் வாழ்ந்தது வாடகை வீட்டில். 2023இல் 92 வயதில் காலமானார்.

அவர் வியாபாரத்தை வெறுக்கவில்லை. சேர்ப்பதற்கு ஓர் எல்லை வைத்தார்.

நாமும் வருடக் கணக்கை முடிக்கும்போது அந்த எல்லையை எழுதிவைப்போம். இல்லையேல் கடைப் பையனின் சம்பளமும் சரக்குத் தந்தவரின் பாக்கியுமே நமது அடுத்த கடைக்கு முதலாகிவிடும்.