ஒரு மொழியின் 'கடைசி மனிதர்': பட்டத்தை வழங்குவது யார்?

ஒரு மொழி எப்போது அழிந்தது என்பதைக் குறிக்க, வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு மனிதர் இறந்த நாளையே பயன்படுத்துகின்றன. அந்த மொழியைப் பேசிய கடைசி நபர் என்று அவரது பெயரும் பதிவாகிறது. ஆனால் இந்தப் பட்டம், பேசியவரைக் காட்டிலும் அவரைத் தேடிச் சென்றவர்களையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பதைச் சில வரலாறுகள் காட்டுகின்றன.

மீன் விற்ற மூதாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் வழங்கிய கோர்னிஷ் மொழியின் கடைசிப் பெயராக அறியப்படுபவர், மவுசல் என்ற மீனவக் கிராமத்தில் மீன் விற்றுவந்த டாலி பென்ட்ரீத். 1768-ஆம் ஆண்டு அப்பகுதிக்குச் சென்ற டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் அவரைச் சந்தித்து, அது குறித்து எழுதினார். டாலி 1777-இல் இறந்தார். 1860-இல், நெப்போலியனின் உறவினரும் மொழி ஆய்வாளருமான லூயி லூசியன் போனபார்ட் அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்.

ஆனால் டாலி உயிரோடிருந்த 1776-ஆம் ஆண்டிலேயே, அதே கிராமத்தைச் சேர்ந்த வில்லியம் போடினர் என்ற மீனவர் பாரிங்டனுக்கு கோர்னிஷ் மொழியில் கடிதம் எழுதியிருந்தார். ஊரில் இன்னும் நான்கைந்து முதியவர்கள் அம்மொழியைப் பேசக்கூடியவர்கள் என்று அதில் அவர் தெரிவித்திருந்தார். போடினர், டாலிக்குப் பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். எனினும் நினைவுக்கல் டாலிக்கே கிடைத்தது.

ஒருவரின் நினைவில் ஒரு மொழி

இன்றைய குரோஷியாவைச் சேர்ந்த கிர்க் தீவில் வழங்கிய டால்மேஷியன் மொழியின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1897-இல் மத்தேயோ பார்த்தோலி என்ற மொழியியலாளர், துவோனே உதைனா என்ற முதியவரிடமிருந்து அம்மொழியைப் பதிவு செய்தார். உதைனா அதனை வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கற்றவர்; சுமார் இருபது ஆண்டுகளாக அதைப் பேசாதவர்; காதும் சரிவரக் கேளாதவர். மறு ஆண்டே ஒரு வெடிவிபத்தில் அவர் உயிரிழந்தார். அந்தத் தீவின் பேச்சு வழக்கைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, அந்த ஒருவரின் நினைவாற்றல் விட்டுச்சென்றதே.

முடிவுக்குப் பின்னர்

ஐல் ஆஃப் மேன் தீவின் மான்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி நபராகக் கருதப்படும் நெட் மாட்ரெல் 1974-இல் காலமானார். ஆயினும், 1948-இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்றியல் ஆணையம் அவரையும் வேறு சில முதியவர்களையும் ஒலிப்பதிவு செய்திருந்தது. ஆர்வலர்கள் சிலரும் அவர்களிடம் நேரில் சென்று மொழியைக் கற்றனர். 2001-இல் மான்க்ஸ் வழியில் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று அங்கு தொடங்கப்பட்டது.

2009-இல் யுனெஸ்கோ அம்மொழியை அழிந்துபோனதாக அறிவித்தபோது, அப்பள்ளியின் மாணவர்கள் அந்த அமைப்புக்கு மான்க்ஸ் மொழியிலேயே கடிதம் எழுதினர். தங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால் தாங்கள் எழுதுவது எந்த மொழி என்று அவர்கள் வினவினர். யுனெஸ்கோ பின்னர் தனது வகைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

மூன்று வரலாறுகளிலும் பொதுவானது ஒன்று உண்டு. கடைசி மனிதர் இறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, பெற்றோர் அம்மொழியில் குழந்தைகளிடம் பேசுவதைக் கைவிட்டிருந்தனர். அந்த நாளுக்கு எந்த ஊரிலும் நினைவுக்கல் இல்லை.