பாட்டிலில் விழுந்த உப்பு

"வரவே மாட்டேங்குது சார்" என்றான் என் மாணவன். 400 மீட்டர் ஓடி முடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நாலு பாட்டில் தண்ணீர் காலி. கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநர். ஊக்கமருந்து சோதனை அறை வரைக்கும் துணைக்குப் போகலாம், கழிப்பறைக்குள் போக முடியாது. அங்கே அதிகாரி நேருக்கு நேர் நின்று பார்ப்பார். பனியன் மார்புக்கு மேலே, டவுசர் முழங்காலுக்குக் கீழே. வேறு யாருடைய சிறுநீரையோ ஒளித்து எடுத்துவந்து ஊற்றிய கில்லாடிகளால் வந்த வினை இது. கிராமத்துப் பையனுக்குக் கூச்சத்தில் எப்படி வரும்?

ஒருவழியாக 90 மில்லி தேறியது. கடைசிச் சொட்டைக் கையடக்கக் கருவியில் விட்டுப் பார்த்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். குடித்த தண்ணீரே வந்திருக்கிறது, அடர்த்தி போதாது. மறுபடி முதலிலிருந்து!

இரண்டாம் முறை தேறியதும், அவனே எடுத்த பெட்டியிலிருந்த 'ஏ', 'பி' பாட்டில்களில் அவன் கையாலேயே ஊற்றினான். மூடியைத் திருகத் திருக டிக் டிக்கென்று சத்தம். அதன் பல்சக்கரம் பின்னோக்கிச் சுற்றாது. அடர்த்தியையும் படிவத்தில் குறித்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி, மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்தே இன்ன பொருள் என்று சொல்லிவிடும். மருந்தை ஈரல் சிதைத்த பிறகு மிஞ்சும் எச்சம்கூடத் தப்பாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சனின் சிறுநீரில் ஸ்டானசோலால் என்ற ஊக்கமருந்து இருந்தது. மூன்றாம் நாள் தங்கம் பறிபோனது.

கருவியை ஏமாற்றுவது கடினம். பாட்டிலை? 2014இல் ரஷ்யாவின் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அதைத்தான் அந்நாட்டினர் செய்தார்கள். ஆய்வகச் சுவரில் ஓர் ஓட்டை. இரவில் அதன் வழியே பாட்டில்கள் அடுத்த அறைக்குப் போயின. திறக்கவே முடியாது என்று நம்பிய மூடியைத் திறந்து, மாதக்கணக்கில் உறையவைத்திருந்த சுத்தமான சிறுநீரை மாற்றி ஊற்றினார்கள். ஆனால் படிவத்தில் எழுதிய அடர்த்தியோடு அது ஒத்துப்போக வேண்டுமே? சாதாரணச் சமையல் உப்பைப் போட்டார்கள்.

மக்லாரன் என்ற சட்ட அறிஞர் தலைமையில் 2016இல் நடந்த விசாரணையில் அந்தப் பாட்டில்களை எடுத்துப் பார்த்தார்கள். மூடிகளின் உட்புறம் கீறல்கள். சிலவற்றில், மனித உடம்பிலிருந்து வரவே முடியாத அளவு உப்பு.