மெரினோ சட்டை: எந்த எடை உங்களுக்குச் சரி?

கினபாலு மலை ஏறப் போறீங்களா? அடிவாரத்தில் வியர்வை கொட்டும். 4,095 மீட்டர் உயர உச்சியில் விடியற்காலைக் குளிர் உறைநிலையை நெருங்கலாம்.

நனைந்த பருத்திச் சட்டை சீக்கிரம் காயாது. உடல் சூட்டை இழுத்துவிடும். மெரினோ கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சினாலும் சொதசொதவென்று ஒட்டாது.

சட்டை அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை அது சொல்லும்.

- 150: வெயில், வியர்க்கும் நடை. சீக்கிரம் காயும், ஆனால் பை உரசினால் தேயும்.
- 200: இதமான குளிர்.
- 250: கடுங்குளிர், ஓய்வு நேரம்.

தடிமனா ஒண்ணு போதும்னு நினைக்காதீங்க. ஏறும்போது நனைவீங்க, நின்றதும் நடுங்குவீங்க. 150 போட்டு ஏறுங்க. உச்சியில் அதுக்கு மேல 250, காற்றைத் தடுக்கும் மேலங்கி.