வேதவிளக்கம்

வேதவிளக்கம் என்பது இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் (1680–1747) 1728ஆம் ஆண்டளவில் இயற்றிய தமிழ் உரைநடை நூல் ஆகும். தரங்கம்பாடி லூத்தரன் மறைப்பணியாளர்களின் போதனைகளை மறுத்துக் கத்தோலிக்கக் கோட்பாடுகளை நிலைநாட்டுவது இதன் நோக்கம். பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகியவையும் அவர் இதே நோக்கில் எழுதிய நூல்களாகும்.

பின்னணி

திண்டுக்கல் உள்ளிட்ட உள்நாட்டுப் பகுதிகளில் பரவிய மதுரை மறைப்பணித்தளத்தை 1606இல் இராபர்ட் தெ நோபிலி தொடங்கினார். சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1706இல், டென்மார்க் அரசரின் ஆதரவுடன் சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய இருவரும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715க்குள் அங்கேயே அச்சேறியது. அதனைப் படித்த தஞ்சைப் பகுதிக் கத்தோலிக்கர் சிலர் 1720களின் பிற்பகுதியில் லூத்தரன் சபையில் இணைந்தனர். படைவீரரான இராஜநாயக்கன் அவர்களுள் ஒருவர். எனவே, ஐரோப்பாவில் எழுந்த சமயப் பிளவு தமிழ்க் கிறித்தவரின் வாழ்வையும் தொட்டது.

கருத்து வேறுபாடுகள்

இவ்விவாதத்தின் அடிப்படை, திரிதெந்து பொதுச்சங்கம் (1545–1563) வரையறுத்த கோட்பாடுகள் ஆகும். கத்தோலிக்கத் தரப்பின் முதன்மையான வாதங்கள் வருமாறு:

* மறைநூலும் மரபும்: "மறைநூல் மட்டுமே" என்றார் லூத்தர். புதிய ஏற்பாடு எழுதப்படும் முன்பே திருச்சபை இருந்தது. எவை மறைநூல்கள் என வரையறுத்ததும் அதுவே. ஆகவே மரபையும் ஏற்க வேண்டும் என்பது மறுமொழி.
* நம்பிக்கையும் செயலும்: மீட்பு இறைவனின் அருளால் தொடங்குகிறது, ஆயினும் மனிதன் அதனுடன் ஒத்துழைக்க வேண்டும். யாக்கோபு திருமுகம் 2:24 இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.
* திருவுருவங்கள்: ஆராதனை இறைவனுக்கு மட்டும் உரியது, புனிதருக்குச் செலுத்தப்படுவது வணக்கமே. உருவத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் ஆளையே சேரும். கோயில் வழிபாடு செழித்த தமிழகத்தில் இவ்வேறுபாட்டை விளக்குவது இன்றியமையாததாயிற்று.

மொழி

தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடையையும் வீரமாமுனிவர் கடுமையாகச் சாடினார். இரு தரப்பினரும் பொதுமக்களுக்கு விளங்குமாறு தமிழிலேயே வாதிட்டமையால், தமிழ் உரைநடை வளர்ச்சியிலும் இந்நூல்களுக்கு இடமுண்டு.

பிற்காலம்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின் உறவு மாறியது. 1995இல் இரு தரப்பினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வெளியானது. 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், மனிதன் இறைவனுக்கு ஏற்புடையவனாவது பற்றிய கோட்பாட்டில் அடிப்படை உடன்பாடு கண்டு, ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. எனினும் திருத்தந்தையின் அதிகாரம், அருட்சாதனங்களின் எண்ணிக்கை போன்றவற்றில் வேறுபாடு நீடிக்கிறது.