வடமுனைக் கடலில் பள்ளிக்கரணையின் கருவி

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழ்வோர்க்கு மார்கழி மாதத்து விடியற்காலைப் பனியே குளிரின் எல்லை. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த தமிழர் வாழ்வில் உறைபனி நிலத்திற்கு இடமிருந்ததில்லை. ஆயினும், சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பில் உருவான கருவித்தொகுதி ஒன்று, 2014ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வடமுனைக்கு அருகே பனிமலைகள் சூழ்ந்த கடலுக்குள் இறக்கப்பட்டது. வெப்பமண்டலக் கடற்கரை நகரம் ஒன்றுக்கும் அத்தொலைதூர மலைநாட்டிற்கும் என்ன தொடர்பு?

கூர்மலைத் தீவு

நார்வே நாட்டிற்கு வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் அமைந்திருப்பது சுவால்பார்டு தீவுக்கூட்டம். 1596ஆம் ஆண்டில் இதனைக் கண்ட டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்சு, கூரிய சிகரங்களின் தோற்றம் கருதி இதற்கு 'ஸ்பிட்ஸ்பெர்கன்' எனப் பெயரிட்டார். 'கூர்மலைகள்' என்பது அதன் பொருள். இன்று தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய தீவு மட்டும் அப்பெயரால் வழங்குகிறது. அத்தீவின் வடமேற்குக் கரையில், வடமுனையிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர் நீ-ஓலெசுண்ட்.

அங்கு ஓங்கி வளரும் மரங்கள் இல்லை. பாசிகளும், தரையோடு தரையாகப் படரும் செடிகளுமே உண்டு. கோடையில் நான்கு மாதங்கள் கதிரவன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவன் எழுவதில்லை. ஊரின் முன்னே மலைகளுக்கிடையில் கடல்நீர் நீண்டு புகுந்த 'கோங்ஸ்பியோர்டு' என்னும் குடா உள்ளது. மலைச்சரிவுகளிலிருந்து மெல்ல நகர்ந்துவரும் பனியாறுகள் அக்குடாவில் வந்து முடிகின்றன.

சுரங்க ஊர் ஆய்வூரான வரலாறு

நீ-ஓலெசுண்ட் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்க ஊராக விளங்கியது. 1926ஆம் ஆண்டில் அமுண்ட்சென் குழுவினர் வடமுனையைக் கடந்து செல்லத் தம் வான்கப்பலில் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்தே. 1962ஆம் ஆண்டுச் சுரங்க வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னர்ச் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் வாழ்ந்த ஊர், காலப்போக்கில் பல நாட்டு அறிவியலாளர் தங்கி ஆராயும் ஊராயிற்று.

1920ஆம் ஆண்டில் பாரிசில் கையெழுத்தான சுவால்பார்டு உடன்படிக்கை, அத்தீவுகளின் மீது நார்வேக்கு உள்ள ஆளுரிமையை ஏற்றது. அதில் அன்றைய பிரித்தானிய இந்தியாவும் இணைந்திருந்தது. எனினும், இந்தியாவின் முதல் ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் 2007ஆம் ஆண்டில்தான் நிகழ்ந்தது. மறு ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நீ-ஓலெசுண்டில் 'ஹிமாத்ரி' என்னும் இந்திய ஆய்வுநிலையம் திறக்கப்பட்டது.

கடலடியில் ஒரு காவலாளி

நிலையத்தில் தங்கிக் கோடையில் மட்டும் கடலை அளப்பது போதாது. இருளும் கடுங்குளிரும் சூழும் மாதங்களில் நீருக்குள் நிகழும் மாற்றங்களையும் அறிதல் வேண்டும். அத்தேவையை நிறைவு செய்யவே 'இன்டார்க்' என்னும் கருவித்தொகுதி அமைக்கப்பட்டது. இப்பணியில் கோவாவிலும் ஐதராபாத்திலும் உள்ள கடல் ஆய்வு நிறுவனங்களும் சென்னை நிறுவனத்தோடு இணைந்தன.

கோங்ஸ்பியோர்டில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், கனமான எடை ஒன்று கடலடியில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து மேலெழும் நீண்ட கயிற்றை மிதவைகள் நிமிர்த்திப் பிடிக்கின்றன. கயிற்றின் வெவ்வேறு ஆழங்களில் பொருத்தப்பட்ட உணரிகள் நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை இடைவிடாது பதிவு செய்கின்றன. மனிதர் அணுக இயலாத காலத்திலும் கருவி தன் கடமையைச் செய்கிறது. பின்னர் அதனை மீட்டு, பதிவுகளை எடுத்துக்கொண்டு, மீண்டும் கடலில் இறக்குகின்றனர்.

அட்லாண்டிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் இக்குடாவிற்குள் புகுவதும், குளிர்காலத்தில் குடா முன்போல் உறையாமையும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்துள்ளன. 1979ஆம் ஆண்டுக்குப் பின், ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. வெண்ணிறப் பனி கதிரொளியைத் திருப்பி அனுப்பும். கருநிறக் கடலோ அதனை உட்கொள்ளும். ஆகவே, பனி குறையக் குறைய வெப்பம் மேலும் மிகுகிறது.

உருகும் பனியும் உயரும் கடலும்

நீர் நிறைந்த குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் உயர்வதில்லை. வெளியிலிருந்து பனிக்கட்டியை எடுத்துப் போட்டால் நீர் வழியும். கடற்பனிக்கும் பனியாற்றிற்கும் உள்ள வேறுபாடு இதுவே. நிலத்தின்மேல் உள்ள பனியாறுகள் உருகிக் கலக்கும்போது கடல்மட்டம் உயர்கிறது. வெப்பத்தால் கடல்நீர் விரிவடைவதும் இவ்வுயர்வுக்குக் காரணமாகும். 1901ஆம் ஆண்டிற்கும் 2018ஆம் ஆண்டிற்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது.

இவ்வுயர்வு சென்னைக்கும் உரிய செய்தி. மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளம் அடையாற்று முகத்துவாரத்தின் வழியாகவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வழியாகவும் கடலைச் சேர வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து நிற்குமாயின் வெள்ளம் வடியத் தாமதமாகும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றின் கரையோர வீடுகள் மூழ்கியதை எண்ணிப் பார்த்தால், சில அங்குல உயர்வும் பொருட்படுத்தத்தக்கது என்பது புலனாகும். ஆர்க்டிக் பனிக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள தொடர்பையும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

விருந்தினர் ஒழுக்கம்

அந்நிலத்திற்குச் செல்வோர் அதன் நெறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பனிக்கரடி வரக்கூடும் என்பதால், ஊர் எல்லையைக் கடப்போர் தற்காப்பிற்குத் துப்பாக்கி ஏந்துகின்றனர். ஆயினும், கரடியைத் தேடிச் செல்வதும் துன்புறுத்துவதும் குற்றமாகும். ஆபத்தில் யாரும் புகலடைவதற்காக வீட்டுக் கதவுகள் பூட்டப்படுவதில்லை. நுண்ணிய வானலைகளை அளக்கும் கருவிகளுக்கு இடையூறு நேராதவாறு கைப்பேசியின் கம்பியில்லாத் தொடர்புகள் அணைத்துவைக்கப்படுகின்றன. 1946ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதச் சுவடுகள் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அங்குக் கிடக்கும் துருப்பிடித்த பழம்பொருளையும் எடுத்துச் செல்லுதல் கூடாது.

தொலைதூர மலைநாடுகளைக் காணச் செல்வோர், முற்காலத்தில் திமிங்கில நெய்யையும் நிலக்கரியையும் நாடிச் சென்றனர். இன்றைய ஆய்வாளர் அங்கிருந்து கொண்டுவருபவை அளவீடுகளே. கோங்ஸ்பியோர்டின் நீரை அளக்கும் கருவிக்கும் அடையாற்று முகத்துவாரத்திற்கும் இடையே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஆனால், இரண்டையும் தொட்டு நிற்கும் கடல் ஒன்றே.