‘இங்க்லிங்’ இருந்ததா, இல்லையா?

ஆங்கிலத்தில் ‘இங்க்லிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கதைகளில் வரும், செய்தித்தாளில் வரும், நேர்காணல்களில் அடிக்கடி வரும். அகராதியைத் திறந்தால் லேசான அறிகுறி, சிறு குறிப்பு என்று பொருள் போட்டிருக்கும். அதை நம்பி, ‘வானத்தில் மழைக்கான இங்க்லிங் தெரிகிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதினால் இலக்கணப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவருக்குக் காதில் இடறும். ஏன் இடறுகிறது என்று பார்ப்போம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. காற்றில் ஈரம் ஏறுகிறது. தும்பிகள் தாழப் பறக்கின்றன. இவை அறிகுறிகள். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவை வெளியே இருக்கும். இவற்றைக் கண்டு, ‘இன்னைக்கு மழை வரும்போல இருக்கே’ என்று நம் மனசில் லேசாகப் படுகிறதே, அந்தப் படுதல்தான் இங்க்லிங். வானத்துக்கு இங்க்லிங் இருக்காது, மேகத்துக்கும் இருக்காது. பார்க்கிற ஆளுக்குத்தான் இருக்கும். அதனால்தான் இந்தச் சொல் பெரும்பாலும் மூன்று வினைகளோடு மட்டும் சேர்ந்து நடக்கிறது: ஒருவருக்கு இங்க்லிங் ‘இருந்தது’, ஒருவருக்கு இங்க்லிங் ‘கிடைத்தது’, ஒருவர் இன்னொருவருக்கு இங்க்லிங் ‘கொடுத்தார்’. ஹேவ், கெட், கிவ். மூன்றிலும் ஆள் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைப் பிடிப்பது சுலபம் என்பது என் எண்ணம். நம்மிடம் ஏற்கெனவே நான்காம் வேற்றுமை இருக்கிறது. ‘எனக்குத் தோன்றியது’, ‘அவளுக்கு என்னவோ பட்டது’, ‘அப்பாவுக்கு லேசாத் தெரியும்போல’ என்று நாள் முழுவதும் பேசுகிறோம். ‘எனக்கு’ என்று தொடங்கி ‘பட்டது’ என்று முடிக்க முடிகிற இடத்தில் இங்க்லிங் பொருந்தும். ‘அதில்’ என்று தொடங்கி ‘தெரிகிறது’ என்று முடிக்கத் தோன்றினால் அங்கே ‘ஸைன்’ என்ற சொல்லையே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் சுவையானது. இந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எங்கெல்லாம் பார்க்கிறீர்கள் என்று சில நாள் கவனித்துப் பாருங்கள். இருந்தது என்று சொல்வதைவிட இல்லை என்று சொல்லத்தான் அதிகம் பயன்படுகிறது. ‘நோ இங்க்லிங்’, ‘லிட்டில் இங்க்லிங்’, ‘நாட் த ஸ்லைட்டெஸ்ட் இங்க்லிங்’, ‘நாட் த ஃபெய்ன்டெஸ்ட் இங்க்லிங்’. எதிர்வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துப்போன மறுநாள் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொண்ட தொழிலாளர்கள் சொல்வார்கள். நாம் இதையே ‘துளிக்கூடத் தெரியாது’ என்போம், ‘சின்னச் சந்தேகம்கூட வரலையே’ என்போம். ‘ஹி கேவ் நோ இங்க்லிங்’ என்று வந்தால் நம் பேச்சில் அதற்கு அச்சாக ஒரு தொடர் உண்டு: ‘மனுஷன் மூச்சு விடலையே!’

ஏன் இந்தச் சொல் இல்லாமையோடு இவ்வளவு ஒட்டிக்கொண்டது? விஷயம் முழுவதும் வெளிவந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல் இது. முன்னால் இருந்தது எவ்வளவு சின்னத் துணுக்கு என்பது பின்னால் வந்ததன் அளவு தெரிந்தால்தான் புரியும். ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். ‘என் நண்பன் வேலையை விடப்போகிறான் என்று எனக்கு இப்போது இங்க்லிங் இல்லை’ என்று நிகழ்காலத்தில், நம்மைப் பற்றியே சொல்ல முடியுமா? முடியாது. சொல்லும்போதே அது மனசில் வந்துவிட்டது! ஆகவே ஒன்று, பழைய நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அல்லது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: விழாவுக்கு எல்லாம் தயார், அவளுக்கு இன்னும் இங்க்லிங் இல்லை. எப்படிப் பார்த்தாலும் பேசுகிறவர் முழு விவரம் தெரிந்தவர், பேசப்படுகிறவர் தெரியாதவர். நாவலாசிரியர்களுக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணமாக இருக்கும். கதாபாத்திரத்துக்குத் தெரியாதது கதை சொல்கிறவருக்குத் தெரியும் என்பதை ஒரே சொல்லில் காட்டிவிடலாம்.

‘நோ ஐடியா’ என்பதும் இதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. மணி என்ன என்று கேட்டால் ‘நோ ஐடியா’ என்று கையை விரிக்கலாம். ‘நோ இங்க்லிங்’ என்று சொன்னால் சிரிப்பார்கள். மணி என்பது நமக்குத் தெரியாமல் எங்கோ உருவாகி வருகிற சங்கதி அல்ல. இங்க்லிங்குக்கு அப்படி ஒன்று வேண்டும்: மறைவாக நடந்துகொண்டிருப்பது, இனி நடக்கப்போவது, யாரோ ஒளித்துவைத்திருப்பது. மற்ற பங்காளிச் சொற்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ‘ஹின்ட்’ பெரும்பாலும் ஒருவர் வேண்டுமென்றே விடுவது, நம் ஜாடை மாதிரி. ‘க்ளூ’ வெளியே கிடப்பது, தேடினால் அகப்படும், துப்பு. ‘சஸ்பிஷன்’ என்றாலே தப்பு நடந்திருக்கும் என்ற நினைப்பு கூடவே வரும். ‘ஹன்ச்’ என்பது உள்மனசு அடித்துச் சொல்வது. ஹன்ச் உள்ளவர் அதை நம்பிக் காரியத்தில் இறங்குவார். இங்க்லிங்குக்கு அந்தத் தெம்பு கிடையாது. வந்தது தெரியும், அதைவைத்து என்ன செய்வது என்று தெரியாது.

பிறப்பைப் பார்த்தால் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். கேட்டவுடன் ‘இங்க்’, அதாவது எழுதுகிற மை, ஞாபகத்துக்கு வரும். வாத்துக்குஞ்சை ‘டக்லிங்’ என்பதுபோல மையின் குஞ்சு, ஒரு சின்ன மைத்துளி என்று விளக்கம் சொல்லவும் ஆசையாக இருக்கும். உண்மையில் மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்துக்கும் இன்றைய ஆங்கிலத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், 14-ஆம் நூற்றாண்டு வாக்கில், ‘இங்க்கிள்’ என்பதுபோல ஒலித்த ஒரு வினைச்சொல் இருந்தது. தாழ்ந்த குரலில் சொல்வது, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது என்பது அதன் பொருள். அதோடு ‘இங்’ சேர்ந்து பெயர்ச்சொல் ஆனது. வினை வழக்கொழிந்துபோக, பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஆக, முதலில் அது சொல்கிறவர் வாயில் இருந்த முணுமுணுப்பு. நூற்றாண்டுகள் போகப் போகக் கேட்கிறவர் மனசுக்கு இடம் மாறியது. ‘அரசல்புரசலாகக் காதில் விழுந்தது’ என்கிறோமே, அந்தத் தொடரைத்தான் இந்தச் சொல்லுக்கு மிக நெருங்கியதாக நினைக்கிறேன். முணுமுணுப்பும் அதில் இருக்கிறது, பாதி விளங்காத தன்மையும் இருக்கிறது. காதில் விழாமல் தானாகவே மனசில் பட்ட இடங்களுக்கு அது உதவாது என்பதுதான் குறை.

மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். ஆனால் அந்தச் சம்பந்தத்தைத் தெரிந்தே உண்டாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி கல்லூரியில் எட்வர்ட் டாங்கை லீன் என்ற மாணவர் ஒரு சிறு இலக்கியக் குழு வைத்திருந்தார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ எடுத்த டேவிட் லீன் இவருடைய அண்ணன். அச்சேறாத தங்கள் எழுத்துகளை வாசித்துக்காட்டுவது குழுவின் வழக்கம், பெயர் ‘இங்க்லிங்ஸ்’. லீன் படிப்பை முடித்துப் போனதும் குழு கலைந்தது. அதில் கலந்துகொண்டிருந்த ஆசிரியர்கள் இருவர், சி. எஸ். லூயிஸும் ஜே. ஆர். ஆர். டோல்கீனும், அந்தப் பெயரைத் தங்கள் நண்பர் வட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மையில் அளைகிறவர்கள் என்றும், அரைகுறையாக எதையோ உணர்ந்து அதைத் தேடுகிறவர்கள் என்றும் இரட்டை அர்த்தம் தருவதால் பெயர் நன்றாக இருக்கிறது என்பது டோல்கீனின் கருத்து. சொற்களின் வேர் அவருக்குத் தெரியாததல்ல. முதல் உலகப் போர் முடிந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்து, ‘வால்ரஸ்’ முதலான சொற்களின் வரலாற்றை எழுதியவர் அவர்.

வியாழக்கிழமை இரவுகளில் மாட்லின் கல்லூரியில் லூயிஸின் அறையில் கூடுவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்ததும் நல்ல கடுப்பாக டீ வரும், குழாய்ப் புகை எழும், யாராவது எதையாவது வாசிக்கப்போகிறீர்களா என்று லூயிஸ் கேட்பார். செவ்வாய்க்கிழமைகளில் பகலில் ‘ஈகிள் அண்ட் சைல்ட்’ என்ற மதுக்கடையில் வாசிப்பில்லாத வெறும் பேச்சு. வியாழக்கிழமைக் கூட்டங்கள் 1949 வரை நடந்தன. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதப்பட எழுதப்பட, பகுதி பகுதியாக முதலில் கேட்டது இந்த அறைதான்.

நாம் இவ்வளவு நேரம் பேசிய சொல்லுக்கு, எனக்குத் தெரிந்து, அந்த நாவல் எழுதப்பட்ட கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1930-ஐ ஒட்டிய ஒரு கோடையில் டோல்கீன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். ஒரு மாணவர் ஒரு பக்கத்தை ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில், தரைக்குள் ஒரு பொந்தில் ஹாபிட் ஒன்று வாழ்ந்தது என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுகிறார். ஹாபிட் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மேற்கொண்டு எழுதினார். ‘ஹாபிட்’ 1937 செப்டம்பரில் வெளிவந்தது. நன்றாக விற்றதால் பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டார். அந்த டிசம்பரிலேயே தொடங்கினார், எங்கே போகிறோம் என்று தெரியாமலே. அந்தத் தொடர்ச்சிதான் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆனது.

தொடக்க வரைவுகளைப் பிற்காலத்தில் அவர் மகன் கிறிஸ்டோஃபர் பதிப்பித்தார். அவற்றைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சாலையில் குதிரைக் குளம்பொலி கேட்டு ஹாபிட்டுகள் ஒளிந்துகொள்கிறார்கள். முதலில் எழுதியபடி அந்தக் குதிரையில் வருபவர் மந்திரவாதி கேண்டால்ஃப். அதே காட்சியில் ஆளை மாற்றுகிறார். வருவது கறுப்பு அங்கி போட்ட ஒரு சவாரிக்காரன். அவன் யார், எதைத் தேடுகிறான் என்பது எழுதிய அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. ஒரு விடுதியின் மூலையில் முகத்தை மறைத்து உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரைடர், பின்னால் அரகோர்ன் என்ற அரசன் ஆகப்போகிறவர். அவரைக் கண்டு தனக்கே அதிர்ச்சியாக இருந்தது என்று கவிஞர் ஆடனுக்கு 1955-இல் டோல்கீன் கடிதம் எழுதினார். வரைவில் அந்த ஆளின் பெயர் ‘ட்ராட்டர்’. அவன் மரக் காலணி போட்ட ஒரு ஹாபிட்! படைத்தவருக்கு இருந்தது வெறும் இங்க்லிங்தான்: மூலையில் இருக்கிறவன் சாதாரண ஆள் இல்லை என்ற அளவுக்கு மனசில் பட்டிருக்கிறது, அதற்கு மேல் தெரியவில்லை. தெரியாததை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார் பாருங்கள், அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மோதிரத்தின் கதை இதைவிடப் பெரிது. 1937-இல் வந்த ‘ஹாபிட்’ நூலில் கதாநாயகன் பில்போவுக்குக் குகையில் கிடைக்கும் மோதிரம், போட்டுக்கொண்டால் ஆளை மறைக்கும் ஒரு வசதியான மாயப் பொருள், அவ்வளவே. விடுகதைப் போட்டியில் தோற்றால் அந்த மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, அந்தக் குகையில் வாழும் கொல்லம் வாக்குக் கொடுக்கிறான். தோற்றுப்போய்த் தேடுகிறான், காணவில்லை, மன்னிப்புக் கேட்கிறான். வெளியேறும் வழியைக் காட்டிவிட்டுப் பகையில்லாமல் பிரிந்துபோகிறான். உலகையே அடிமைப்படுத்தும் மோதிரம் அது என்பது தொடர்ச்சியை எழுதும்போதுதான் டோல்கீனுக்குப் புலப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றைக் கொல்லம் பந்தயத்தில் வைத்துத் தோற்றுவிட்டுச் சும்மா போவானா? பழைய அத்தியாயம் நிற்காது. எனவே 1951-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றினார். இப்போது கொல்லம் மோதிரத்தைப் பந்தயம் வைப்பதில்லை. அது தொலைந்தது தெரிந்ததும் அலறுகிறான், திருடன் என்று பில்போவைச் சபிக்கிறான். பழைய பதிப்பில் வந்தது என்ன என்பதற்கும் ஒரு சமாதானம் வைத்தார்: மோதிரத்தைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள பில்போ சொன்ன பொய் அது.

இதை வைத்து மூன்று வினைகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 1937-இல் மோதிரம் எப்படிப்பட்டது என்று டோல்கீனுக்கு இங்க்லிங் இருக்கவில்லை. ஆகவே அந்தப் பதிப்பு வாசகருக்கு எந்த இங்க்லிங்கும் கொடுக்கவில்லை, அது ஒளித்துவைத்ததால் அல்ல, ஒளிக்க அங்கே எதுவுமே இருக்கவில்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ‘ஹாபிட்’ திருத்திய பாடம். அதில் கொல்லம் போடும் கூச்சலைப் படிக்கிற பிள்ளைக்கு, ஒரு சின்ன மோதிரத்துக்கா இவ்வளவு, இதில் வேறு என்னவோ இருக்கிறது என்று மனசில் படும். தொடர்ச்சியை இன்னும் தொடாத அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதுதான் முதல் இங்க்லிங்.